இழைமணிக்கு மருமகளைத் தெரியாது

1. ஜூலையில் குளிர்கால ஜாக்கெட்

மொன்றியலில் ஜூலை மாதம் வந்துவிட்டால் ஊரே அரைக்காற்சட்டையோடு திரியும். மூளை ஆராய்ச்சி லாபில் என் முதல் வேலை நாளும் அப்படியொரு ஜூலை நாள்தான். புதுச் சட்டை போட்டு, தலையை வாரி இழுத்துக் கொண்டை போட்டு, பெரிய உத்தியோகக்காரி மாதிரிப் போய் நின்றேன். எங்கள் தலைவி ஒரு கியூபெக் பேராசிரியை. எல்லோரும் அவரை மடாம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கொழுக்கியில் தொங்கிய தடித்த குளிர்கால ஜாக்கெட்டை எடுத்து நீட்டினார். உள்ளே குளிர் அறை இருந்தது. கோடை, மாரி என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. வருடம் முழுவதும் நாலு டிகிரிதான். என் மேசையும் அங்கேதான் போடப்பட்டிருந்தது.

வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். அல்சைமர் என்னும் மறதி நோயோடு இறந்தவர்களின் குடும்பத்தார் சிலர் அவர்களின் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுப்பார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அந்த நோய் இல்லாமல் இறந்தவர்களின் மூளையும் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு துண்டு என் கைக்குக் கிடைக்கும். அதில் பெயர் இருக்காது, ஓர் இலக்கம்தான் இருக்கும். அதைப் பனிக்கட்டிக்குள் புதைத்த கண்ணாடிக் குழாயில் போட்டு, ஒரு தண்டால் மெதுவாக அரைக்க வேண்டும். பிறகு சென்ரிபியூஜ் என்னும் சுழல் மெஷினில் வைத்துச் சுற்ற வேண்டும். வேண்டாததை ஊற்றிவிட்டு மறுபடியும் சுற்ற வேண்டும். கடைசியில் குழாயின் அடியில் மண்ணிற வண்டல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் மைட்டோகொண்ட்ரியா. யாழ்ப்பாணத்தில் எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்கு இழைமணி என்று பெயர். உடம்பின் ஒவ்வொரு கலத்துக்கும், அதாவது செல்லுக்கும், சக்தி செய்து கொடுக்கிற இடம்.

அந்த வண்டலில் ஒரு துளியைச் சிவப்பு நிறப் புரதக் கரைசலில் விட்டு, நிறத்தை அளக்கிற இன்னொரு மெஷினில் வைப்போம். இழைமணி வேலை செய்யச் செய்ய நிறம் மாறும். மெஷினோடு இணைந்த பேனா காகிதத்தில் ஒரு கோட்டைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு போகும். நல்ல மூளையென்றால் கோடு சரசரவென்று இறங்கும். நோய்ப்பட்ட மூளையில் பெரும்பாலும் அது சோம்பிச் சோம்பித்தான் இறங்கும்.

இதில் பெரிய கண்டம் ஒன்று உண்டு. கைச்சூடு பட்டாலே நல்ல இழைமணியும் கெட்டுப்போகும். அவசரப்பட்டு அரைத்தால் உடைந்துபோகும். அப்புறம் மெஷின் காட்டுவது நோய் செய்த கேடா, நம் கை செய்த கேடா என்று ஆண்டவனுக்கும் தெரியாது. அதனால் இரண்டு வகை மூளையையும் ஒரே பக்குவமாக, ஒரே குளிரில், ஒரே பொறுமையோடு கையாள வேண்டும். இன்றைக்குப் பெட்டியில் எல்லாம் தயாராகக் கலந்து வருகிற கிற்றைப் பிரித்து ஊற்றிவிட்டுக் காப்பி குடிக்கப் போகிற பிள்ளைகளுக்கு இது கதையாக இருக்கும். எங்களுக்கு அதுதான் தொழில். நான் எடுத்த வண்டல் என்றால் மடாம் இரண்டாம் முறை கேள்வி கேட்கமாட்டார். அந்தக் கர்வம் எனக்கு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

2. ஒட்சியும் ஆக்சியும்

எங்கள் லாபில் இன்னொரு தமிழரும் இருந்தார். டொக்டர் ரகுநாதன். தமிழ்நாட்டுக்காரர், நரம்பியல் வைத்தியர், மொன்றியல் புறநகர் ரொக்ஸ்பரோவில் வீடு. வாரத்தில் பாதி ஆஸ்பத்திரி, பாதி எங்கள் லாப். நல்ல மனிதர். ஆனால் தமிழில் எங்கள் இருவருக்கும் ஒத்துவராது.

மைட்டோகொண்ட்ரியாவைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அவர் யோசித்ததே இல்லை. நான் இழைமணி என்றதும், ஏதோ கோயில் மணி என்று நினைத்தாராம். ஒட்சிசன் சேர்ந்து ஒரு பொருள் மாறுவதை நாங்கள் ஒட்சியேற்றம் என்று படித்தோம். அவருக்கு அது ஆக்சிஜனேற்றம்.

“ஒட்சியா? அது என்னங்க, ஏதோ தடுப்பூசி பேரு மாதிரி இருக்கு” என்று சிரிப்பார்.

“நீங்கள் ஆக்சிஜனேற்றம் எண்டு சொல்லி முடிக்கிறதுக்குள்ள என்ர சாம்பிள் சூடேறிடும்” என்று நானும் விடமாட்டேன்.

இழைமணி ஒட்சிசனை எரித்துத்தான் சக்தி செய்கிறது. மண்ணெண்ணெய் அடுப்பில் திரி பழுதானால் சூடு குறைந்து கரி கூடுமே, அப்படி இழைமணி பழுதானால் சக்தி குறையும், கெட்ட வகை ஒட்சிசன் கூடும். அது கலத்துக்குள் இருக்கிற கொழுப்பையும் புரதத்தையும் அரித்துக்கொண்டே போகும். மூளைக்கு ஒட்சிசன் நிறைய வேண்டும் என்பதால் அங்கே கேடும் கூட. இந்த நிலைமைக்கு ஆங்கிலத்தில் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று பெயர். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எங்கள் துறையில் யார் வாயைத் திறந்தாலும் இந்தப் பேச்சுத்தான். தமிழில் பேசும்போதும் ரகுநாதன் ஸ்ட்ரெஸ் என்றே சொல்வார். லாபுக்குள் அதனால் ஒருவருக்கும் ஒரு தீங்கும் வரவில்லை.

3. கீழ் வீட்டு வசந்தி

நான் அப்போது பார்க் எக்ஸ்டென்ஷனில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடமொன்றில் இருந்தேன். எனக்குக் கீழ் வீட்டில் சிவநேசன், அவன் மனைவி வசந்தி, சிவநேசனின் தகப்பன் கந்தையர் என்று மூன்று பேர். கந்தையருக்கு அல்சைமர் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சிவநேசன் ஃபக்ரறியில் ஓவர்டைம் செய்துவிட்டுச் சோர்ந்துபோய் வருவான். பகல் முழுவதும் அவரோடு மல்லுக்கட்டுவது வசந்திதான். தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், மாமனாரைத் தனியே விட முடியாமல் வேலையை விட்டாள்.

பனிக்காலத்தில் கந்தையர் வெறும் செருப்போடு இறங்கி மூலையில் இருக்கிற டெப்பனேர் கடைக்குப் போய் நின்றுவிடுவார். கடைக்காரன் அவரை ஒரு கதிரையில் இருத்திவிட்டு, போன் எடுத்து, “மடாம், பாப்பா இஸி” என்பான். அப்பா இங்கே நிற்கிறார் என்று பிரெஞ்சில் அர்த்தம். வசந்தி கோட்டைப் பாதி போட்டும் போடாமலும் ஓடுவாள். அவள் அவரை ஏசியதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கட்டடத்தின் சுவர்களோ மெல்லிசு. ஏசியிருந்தால் கேட்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்களுக்காக ஒரு கூட்டம் வைத்தார்கள். தேவாலயம் ஒன்றின் நிலக்கீழ் மண்டபத்தில், மறதி நோய் பற்றி டொக்டர் ரகுநாதன் பேசுவதாக ஏற்பாடு. எனக்கும் போக ஆசைதான். ஆனால் அன்று காலையில் ஒரு மூளை வந்துவிட்டது. நான் குளிர் அறைக்குள் போய்விட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் வசந்தி என் வாசலில் வந்து நின்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

“அக்கா, மாமாவின்ர மூளை பழுதாப்போனதுக்கு நான்தானாம் காரணம். நான் குடுத்த ஸ்ட்ரெஸ்தானாம்.”

உள்ளே கூப்பிட்டு இருத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு அறிந்தேன். கூட்டத்தில் டொக்டர், மூளையில் ஸ்ட்ரெஸ் கூடினால்தான் இந்த நோய் வருகிறது என்றாராம். சிவநேசன் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ரொறொன்ரோவில் இருக்கிற அக்கா மலருக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறான். பகல் முழுக்க ஐயாவோடு நிற்கிறவள் வசந்திதானே, ஸ்ட்ரெஸ் அவள் கொடுத்ததுதான் என்று மலர் கொதித்துப்போனாள். வருகிற சனிக்கிழமை வந்து தகப்பனைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறாளாம். அவருடைய உடுப்புகளை அடுக்கி வைக்கும்படி வசந்தியிடமே சொல்லிவிட்டாள்.

மலர் வீட்டில் புருஷனும் பெண்சாதியும் விடிந்தால் வேலைக்குப் போகிறவர்கள். புது ஊரில் ஒரு அறைக்குள் கந்தையர் பூட்டிக்கிடக்க வேண்டும். அது ஒரு பக்கம். மாமனாருக்கு மூளை வருத்தம் வரச் செய்தவள் என்ற பெயர் வசந்திக்குச் சாகும்வரை இருக்கும். நம் ஆட்களில் அந்தப் பெயர் ஒருத்தியோடு நிற்காது, பிறக்கப்போகிற பெண்பிள்ளையின் கலியாணப் பேச்சுவரை போகும். எனக்கு வந்த கோபத்தில் படியிறங்கிப் போய்ச் சிவநேசனைப் பிடித்து உலுப்பாத குறையாகக் கேட்டேன்.

“டொக்டரே சொன்னவர் அக்கா. நான் என்ர காதால கேட்டனான்” என்றான் அவன். நான் லாப் வேலை செய்பவள், அந்த ஸ்ட்ரெஸ் வேறு என்று எவ்வளவோ சொன்னேன். அவனுக்கு அரை மனம். மலரிடம் போனில் சொல்லிப் பார்த்தேன். நான் வசந்தியின் ஆள், அப்படித்தான் சொல்வேன் என்று போனை வைத்துவிட்டாள்.

4. மடாமின் நிபந்தனை

செவ்வாய்க்கிழமை ரகுநாதனைக் கண்டதும் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது. கூட்ட முடிவில் ஒருவர் எழும்பி, ஸ்ட்ரெஸ் கூடினால் மூளை பழுதாகுமா என்று கேட்டாராம். இவரும் ஆமாம், செல் தாங்காது, செத்துவிடும் என்று பதில் சொன்னாராம்.

“நான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸைச் சொன்னேங்க. அவரு வீட்டு ஸ்ட்ரெஸ்ஸைக் கேட்டிருக்காரு” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அன்றைக்கே வந்து விளக்குகிறேன் என்று கோட்டை எடுத்தார். நீங்கள் தனியாக வந்து பேசினால் இன்னும் யார் குடி கெடுமோ என்று நான் தடுத்தேன். வீட்டில் வைத்துப் பேசினால் அது வாதாடி நியாயம் பிளக்கிற பேச்சாகிவிடும். அவர்களை இங்கே கூட்டிவந்து காட்டினால் என்ன என்று கேட்டேன்.

மடாமிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தன் தாயார் நோயில் விழுந்தபோது கிராமத்தில் தன் அக்காவைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னார். பிறகு இரண்டு நிபந்தனை விதித்தார். மனித மூளை எதையும் வெளியாட்களுக்குக் காட்டக்கூடாது, பழகுவதற்கு வைத்திருக்கும் எலியின் சாம்பிளைத்தான் காட்டலாம். எங்களுக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது.

5. பேனா இழுத்த கோடு

மலரோடு டொக்டரே போனில் பேசி, லாபுக்கு வரச் சம்மதிக்க வைத்திருந்தார். சனிக்கிழமை காலை மலர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ரகுநாதன் தன் காரில் அவளையும் சிவநேசனையும் ஏற்றி நேரே லாபுக்குக் கொண்டுவந்தார். கந்தையரைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பதால் வசந்தி வீட்டில் நின்றாள்.

மலர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தாள். நான் இருவருக்கும் ஜாக்கெட் கொடுத்துக் குளிர் அறைக்குள் கூட்டிப்போனேன். எலி மூளையிலிருந்து எடுத்த வண்டலைக் காட்டினேன். வெளியே வந்து மெஷினில் வைத்தேன். பேனா கோட்டை இழுத்தது. பிறகு எங்கள் பழைய காகிதச் சுருள்களில் இரண்டு கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். ஒன்று நோயில்லாத ஒருவருடையது, மற்றது அல்சைமர் நோயாளி ஒருவருடையது.

“இதில சாய்வு குறைவு” என்றாள் மலர். கேட்காமலே சொன்னாள்.

“ஓம். இழைமணி களைச்சுப்போச்சு. அதால வாற கேட்டைத்தான் டொக்டர் ஸ்ட்ரெஸ் எண்டு சொன்னவர். தமிழில அது ஒட்சியேற்றம்.”

மலர் என்னைப் பார்த்தாள். “ஒட்சியேற்றமோ? இரும்பு துருப்பிடிக்கிறது, அதெல்லே? ஒன்பதாம் வகுப்பில படிச்சனாங்கள்.”

அவள் தமிழில் விஞ்ஞானம் படித்தவள். சிவநேசனும் படித்தவன்தான். ஒரு மண்டபம் நிறைந்த ஆட்கள் அன்று அந்தப் பாடத்தைப் படித்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஸ்ட்ரெஸ் என்றால் அவர்களுக்கு வீட்டுப் பிக்கல் பிடுங்கல். ஒட்சியேற்றம் என்றால் சோதனைக்குழாய். ரகுநாதன் என் பக்கம் திரும்பி, இனிமேல் உங்கள் சொல்லைக் கேலி பண்ணமாட்டேன் என்பது போலக் கும்பிட்டார். எனக்கு உள்ளுக்குள் உச்சி குளிர்ந்தது. மறைப்பானேன்.

ஆனால் மலர் இலேசில் விடுகிறவள் இல்லை. அந்த இரண்டாவது கோட்டுக்காரரின் வீட்டில் என்ன நடந்தது, அவருக்கு மருமகள் இருந்தாளா என்று கேட்டாள். தெரியாது, எங்களுக்கு இலக்கம் மட்டும்தான் வரும் என்றேன். இழைமணிக்கு மருமகள், மகள் என்று யாரையும் தெரியாது என்றும் சொன்னேன்.

“அப்ப இந்த இழைமணி முதன்முதல் ஏன் பழுதானது?” என்றாள்.

நான் வாயைத் திறக்குமுன் ரகுநாதன் முன்னுக்கு வந்தார். “தெரியாதுங்க. இதனால நோய் வருதா, நோயினால இது வருதான்னுகூட எங்களுக்கு இன்னும் தெரியாது. உலகத்துல யாருக்கும் தெரியாது.”

சிவநேசன் திகைத்துப்போய் நின்றான். டொக்டர்மார் தெரியாது என்று சொல்வதை அவன் அதற்கு முன் கேட்டிருக்கமாட்டான். மலர் விட்ட இடத்திலிருந்து பிடித்தாள்.

“தெரியாட்டி, அவளால இல்லையெண்டு மட்டும் எப்பிடிச் சொல்லுறியள்?”

கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு மெஷினில் பதில் இல்லை. ஆஸ்பத்திரியில் ரகுநாதன் ஒவ்வொரு குடும்பத்திடமும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு என்பது எனக்கு ஞாபகம் வந்தது. அதை நான் கேட்டேன்.

“தங்கச்சி, ஐயாவுக்கு இந்த மறதி, அறளை மாதிரி முதன்முதல் எப்ப தெரிஞ்சது? ஆர் கண்டது?”

“நான்தான் கண்டனான்” என்றாள் மலர் உடனே. “கனடா விசாவுக்கு நிக்கேக்க, கொழும்பு லொட்ஜில. வெத்திலை வாங்கப் போறனெண்டு போனவர், திரும்பி வர வழி தெரியாமல் ரோட்டில நிண்டவர். எத்தினை முறை போன ரோட்டு. பிறகு என்னைப் பாத்து, நீ ஆரின்ர பிள்ளை எண்டு கேட்டவர். நான் பகிடி விடுறார் எண்டு நினைச்சன்.”

சொல்லி முடித்ததும் அவள் தம்பியைப் பார்த்தாள். அவனுக்கு அப்போது கலியாணமே பேசியிருக்கவில்லை. வசந்தி என்று ஒருத்தி உலகத்தில் இருப்பதே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாத காலம் அது. ரகுநாதன், இந்த நோய் வெளியில் தெரிவதற்குப் பல வருடம் முன்பே உள்ளே தொடங்கிவிடும் என்று மெதுவாகச் சொன்னார்.

“அப்ப எனக்கெல்லோ முதல் தெரிஞ்சிருக்கு” என்றாள் மலர். ஜாக்கெட்டைக் கழற்றிக் கொழுக்கியில் மாட்டிவிட்டு, முதல் ஆளாகக் காருக்கு நடந்தாள்.

6. மெயில் வருகிறது

வீட்டுக்கு வந்தபோது வாசலுக்குப் பக்கத்தில் சூட்கேஸ் தயாராக நின்றது. சொன்னபடியே வசந்தி அடுக்கி வைத்திருந்தாள். கந்தையர் குளிக்கமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். மலர் போய்க் கூப்பிட்டாள். அவர் கையைத் தட்டிவிட்டார். மலர் வசந்தி பக்கம் திரும்பினாள்.

“ஐயாவை நீ எப்பிடிக் குளிக்க வைக்கிறனி? எனக்கு ஒருக்காக் காட்டு.”

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் அப்படிக் கேட்பதும் குறைவு. ஆனால் வசந்திக்கு விளங்கியது, எனக்கும் விளங்கியது.

வசந்தி அறை வாசலில் நின்று, அவசரமில்லாத குரலில் சொன்னாள். “மாமா, மெயில் அனுராதபுரம் விட்டிட்டுதாம்.”

கந்தையர் ரெயில்வேயில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மெயில் என்றால் அவருக்குத் தபால் ரெயில். இது வசந்தி தானே கண்டுபிடித்த வழி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மனிதர் சட்டென்று எழும்பினார். “அப்ப நான் வெளிக்கிட வேணும், பிள்ளை” என்று சேர்ட்டைக் கழற்றி வசந்தியின் கையில் கொடுத்துவிட்டுத் தானாகவே குளியலறைக்கு நடந்தார். மலர் துவாயைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குளித்து வந்தவருக்கு, சூட்கேஸைத் திறந்து ஒரு சட்டை எடுத்து அவளே போட்டுவிட்டாள். பிறகு நிலத்தில் உட்கார்ந்து, மற்றச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலுமாரியில் வைத்தாள்.

ரகுநாதன் அந்த மாதமே இன்னொரு கூட்டம் வைத்தார். என்னைப் பக்கத்தில் இருத்தி, ஒட்சியேற்றம் என்ற சொல்லைத் தடக்கித் தடக்கிச் சொன்னார். சபை அவரைத் திருத்தித் திருத்திக் கேட்டது. முதல் கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட மனிதரும் முன்வரிசையில் இருந்தார்.

லாபில் நான் எடுத்த வண்டல்களை வைத்து நல்ல கட்டுரைகள் வந்தன. சிலவற்றில் என் பெயரும் இருக்கிறது. பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் என் தொழிலை நினைத்து நெஞ்சு நிமிர்ந்த நாள் எது என்று கேட்டால், அந்தச் சனிக்கிழமையைத்தான் சொல்வேன். இப்போது லாபில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் அடிக்கடி மேடையேறுகிறார்கள், வானொலியில் பேசுகிறார்கள். நல்லது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதீர்கள், அதற்குப் பிறகுதான் ஆட்கள் உங்களை நம்புவார்கள். ஒரு சொல்லை எடுக்குமுன், கேட்கிறவர்களின் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவீர்கள். அந்தச் சொல் போய்ச் சேருகிற வீட்டில் ஒரு வசந்தி இருப்பாள்.